கடல் தளபதிகளும் ஒரு சஹன் சோறும்

மகன், ஸலாம். வாப்பாதான். நான் அனுப்புகிற குரல் செய்திகளையெல்லாம் நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் தங்கச்சி காட்டிக்கொடுத்துவிட்டாள். அப்படிக் கேட்டால் என் குரல் அணில் கத்துவது மாதிரி இருக்கிறதாம். அதனால்தான் இந்தத் தடவை பேப்பரையும் பேனையையும் பிடித்தேன். எழுத்தை வேகமாக ஓடவிட முடியாது, அதுவும் என் எழுத்தை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. தங்கச்சி அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, பிழை திருத்தி, டைப் பண்ணி உனக்கு அனுப்புகிறாள். பிள்ளைகளைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற மற்றத் தாய் தகப்பன்மாரும் வாசிக்கட்டும் என்று ஊர்ச் சஞ்சிகைக்கும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறாளாம். ஆகவே உனக்கு வெட்கமான இடங்கள் வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசி. அதற்கு ஆதாரம் காட்ட ஒரு பெரிய தளபதியே இருக்கிறார், அவரிடம் பிறகு வருகிறேன்.

விஷயம் என்னவென்று எனக்குத் தெரியும், மகன். நீ சொல்லவில்லை, ஆனாலும் தெரியும். உன் கப்பல் இன்னும் சில நாளில் வழியில் ஒரு துறைமுகத்தில் நிற்கும். அதற்கு அப்பால் இருக்கிற கடலில் ஏவுகணை பறக்கிறது. அந்தத் துறைமுகத்தில் வைத்து, உள்ளே வரச் சம்மதமா இல்லையா என்று கப்பலில் உள்ள ஒவ்வொருவரையும் கேட்பார்கள். சம்மதமில்லை என்றால் இறக்கி வீட்டுக்கு அனுப்பவேண்டும், அது சட்டமாம். கேட்கும்போது செகண்ட் ஒஃபிசராகிய நீயும் ஒரு பதில் சொல்லவேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று தலையைச் சொறியாதே, அதற்கும் வருகிறேன். ஒரு கிடாரத்தில் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட்டால் கறி ஆகாது.

இந்த லீவில் நீ வந்து இறங்கியபோது, வழமையான சொக்லட் பொதியைவிடக் கனமாக உன் பையில் ஒரு புத்தகம் இருந்தது. உலகத்துச் சண்டைக்கப்பல் தளபதிகள் எல்லோரையும் ஒரே அட்டைக்குள் அடைத்த இங்கிலீஷ் புத்தகம். எனக்கு அப்போதே ஆச்சரியம். நீ ஓட்டுகிற கப்பல் ஏற்றுவது டைல்ஸும் பால்மாவும் யாரோ ஒருவருடைய கதிரை மேசையும். அதில் ஒரு வெடிகுண்டு கூடக் கிடையாது. பிறகு ஏன் இந்தப் படிப்பு என்று யோசித்தேன். ஆனால் கேட்கவில்லை, ஏனென்றால் கதை நன்றாக இருந்தது. கல்யாணச் சமையல் ஓடருக்கு நான் கொட்டிலில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால், நீயும் எதிரே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் உரித்து, மறு கையால் பக்கம் புரட்டித் தமிழில் சொல்வாய். உன் உம்மா இஞ்சி சுரண்டுவதாகச் சொல்லிக்கொண்டு வந்து உட்காருவாள். அந்த நாட்களில் நம் வீட்டு வெங்காயம் உரித்து முடிய எடுத்த நேரத்தில் ஐரோப்பாவில் இரண்டு யுத்தம் முடிந்துவிடும். அந்த வெளிநாட்டுப் பெயர்கள் ஒன்றும் என் நாக்கில் நிற்கவில்லை. ஆளுக்கொரு பட்டம் வைத்தேன். இங்கேயும் பட்டத்தால்தான் எழுதுவேன், பெயர் வேண்டுமென்றால் நீ புத்தகத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்.

எனக்கு முதலில் பிடித்துப்போனவர் ஒற்றைக்கையர். சண்டையில் ஒரு கண்ணின் பார்வையும் ஒரு கையும் போன பிறகும் கப்பலை விடாத அந்த இங்கிலீஷ்காரர். அவர் சண்டைக்கு முன்னால் தன்னுடைய கெப்டன்மாரைக் கூப்பிட்டு ஒரே மேசையில் உட்காரவைத்து, சாப்பிட்டபடியே திட்டத்தை முழுவதும் சொல்லிவிடுவாராம். சண்டை தொடங்கிப் புகை மூடிவிட்டால் கொடியும் தெரியாது, கட்டளையும் வராது. அப்போது ஒவ்வொருவனுக்கும் என்ன செய்வதென்று தானாகவே தெரிந்திருக்கவேண்டும். அதுதான் கணக்கு. நீ இதைச் சொன்னதும் நான் கத்தியோடு எழும்பிவிட்டேன், ஞாபகமா?

"பாத்தியா, சஹன்! வெள்ளைக்காரன் சஹன் வச்சிருக்கான்!"

நம் கல்யாண வீடுகளில் பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை போடுகிறோமே, அந்த சஹன். முதலாளியும் லொறிக்காரனும் ஒரே தட்டில். இந்த ஒரு சங்கதியால்தான் அவர் ஜெயித்தார் என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். நீ கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை.

"வாப்பா, உட்காருங்க. முதல்ல கத்திய வைங்க. அந்த மேசையில கெப்டன்மார் மட்டும்தான். கீழ்த்தட்டில கயிறு இழுத்தவங்களுக்குப் புழு நெளியிற பிஸ்கட்."

"புழுவோடயா தின்றது?"

"தட்டித் தட்டி விழுத்திட்டுத் தின்றது."

"அப்ப அது சஹன் இல்ல. அது மாப்பிள்ளை வீட்டு ஆக்களுக்கு மட்டும் போடுற மேசை" என்றேன். உன் உம்மா சிரித்ததில் இஞ்சி உருண்டு அடுப்புக்குள் போனது. ஆனாலும் மனிதரை எனக்கு விட முடியவில்லை. ஒரு சண்டையில், பின்வாங்கலாம் என்று மேலதிகாரி கொடி காட்ட, இவர் தொலைநோக்கியைத் தெரியாத கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, எனக்குக் கொடி ஒன்றும் தெரியவில்லையே என்றாராம். கடைக்குப் போய் வா என்று உன் உம்மா கூப்பிடும்போது நானும் முப்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன், எனக்கு யாரும் பதக்கம் குத்தவில்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அன்றைக்கு அந்தச் சண்டையில் அவர் தோற்றிருந்தால் அந்தக் கண்ணை என்னவென்று எழுதியிருப்பார்கள்?

அடுத்தவர் ஆமைக்கப்பல்காரர். கொரியா தேசத்தில், கப்பலுக்கு மேலே ஆமை ஓடு மாதிரிக் கூரை போட்டு, அதில் முள் நட்டு, எதிரி ஏறிக் குதிக்க முடியாமல் செய்த மனிதர். போய்த் தாக்கு என்று ராஜா சொல்கிறார். அது எதிரி வைத்த பொறி என்று இவருக்குச் சந்தேகம், போகவில்லை. பிடித்துக் கட்டி, அடித்து, பதவியைப் பிடுங்கிச் சாதாரணச் சிப்பாயாக நிறுத்திவிட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தவன் கப்பல்களையெல்லாம் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டான். பிறகு ராஜா இவரையே திரும்பக் கூப்பிடுகிறார். மிச்சம் இருந்தது பத்துப் பன்னிரண்டு கப்பல்கள், எதிரே கடல் நிறைய எதிரி. நானாக இருந்தால், போய் வேறு சமையல்காரனைப் பாருங்கள் என்றிருப்பேன். இவர், இன்னும் கொஞ்சம் கப்பல் இருக்கிறதுதானே என்றாராம். நீரோட்டம் சுழன்று அடிக்கிற ஒரு ஒடுக்கமான கடல்வாயில் போய் நின்றார். அவருடைய சொந்தக் கப்பல்களே பயந்து பின்னால் நின்றுவிட்டனவாம். முதல் கொஞ்ச நேரம் அவர் கப்பல் மட்டும் தனியாகச் சண்டை பிடித்தது என்று நீ சொன்னபோது நான் உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தேன்.

"பின்னால நின்டவங்க என்ன செஞ்சாங்க?"

"அவர் கொடி காட்டிக் கூப்பிட்டார். ஓடித் தப்பலாம்னு நினைக்கிறீங்களா, எங்க ஓடுவீங்கன்னு சத்தம் போட்டார். பிறகு வந்தாங்க."

"அதட்டினதுக்காக வந்தாங்களா, அவர் தனியா நின்டதப் பாத்து வெட்கத்தில வந்தாங்களா?"

"வாப்பா, நீங்க கேக்கிற கேள்விக்கு இந்தப் புத்தகம் எழுதினவருக்கே பதில் தெரியாது."

அவர் கடைசிச் சண்டையில் குண்டு பட்டு விழுந்தபோது, நான் செத்ததைச் சொல்லாதீர்கள், சண்டை முடியட்டும் என்றாராம். ஒற்றைக்கையர் இதற்கு நேர்மாறு. பதக்கமெல்லாம் மின்ன மின்ன எதிரிக்குத் தெரிகிற மாதிரி மேல்தட்டில் நடந்து, சுடப்பட்டார். ஒருவர் தன் உடம்பைக் காட்டினார், மற்றவர் தன் மௌத்தை மறைத்தார். இரண்டு பேருடைய ஆட்களும் ஜெயித்தார்கள். தலைவன் என்றால் தெரியவேண்டுமா, தெரியக்கூடாதா? நீயும் நானும் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடு வாதாடு என்று வாதாட, உன் உம்மா இஞ்சிக் கத்தியால் தட்டைத் தட்டினாள்.

"ரெண்டு பேரும் ஜெயிச்சாங்க, சரி. ரெண்டு பேரும் வீட்டுக்கு வரல்லதானே? பிறகு யார் பெரியவர்னு ஏன் இவ்வளவு சத்தம்?"

நாம் இருவரும் வெங்காயத்துக்குத் திரும்பினோம். உன் போக்கில் அவள் எதையோ மோப்பம் பிடித்திருக்கிறாள், அந்தப் பேச்சு உனக்குத்தான் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியிருக்கும்.

அதனால்தான் அவளுக்கு நடைக்காரரைப் பிடித்தது. அமெரிக்காக்காரர், அதிகம் பேசமாட்டார், கப்பலின் மேல்தட்டிலேயே தினமும் நடந்துகொண்டிருப்பார். பெரிய சண்டையொன்றில் பகல் முழுக்க ஜெயித்துவிட்டு, இரவாகும்போது எதிரியைத் துரத்தாமல் திரும்பிவிட்டார். கூட இருந்தவர்களுக்கே ஆத்திரம். பிறகு பார்த்தால், அவர் துரத்திப் போயிருந்தால் அங்கே எதிரியின் பெரிய கப்பல்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கின்றன. அவருக்கு ஒரு கூட்டாளி, அவருக்கு நான் காளை என்று பெயர் வைக்கப்போக, அங்கேயும் அவரைக் காளை என்றுதான் சொல்வார்களாம், நீ சொல்லிச் சிரித்தாய். காளை சத்தக்காரர், பகிடிக்காரர், ஆட்களோடு ஆளாக நிற்பவர். ஒரு தடவை எதிரி தூண்டில் போட, அதற்குப் பின்னால் ஓடிப்போய், காக்கவேண்டிய வாசலைத் திறந்துவிட்டார். பிறகு கப்பல்களைப் பெரும் புயலுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டார். கப்பலும் போனது, ஆட்களும் போனார்கள். அப்படி இருந்தும் கீழே இருந்தவர்களுக்கு யாரில் விருப்பம் அதிகம் என்று கேட்டேன். காளையில்தான் என்றாய்.

இதுதான் மகன் எனக்குப் பெரிய ஆச்சரியம். வெங்காயமும் முடிந்து, நீயும் கப்பலுக்குப் போன பிறகும் நான் இதையே யோசிக்கிறேன். புயலுக்குள் கொண்டுபோனவனில் ஏன் விருப்பம்? என்னுடைய ஆட்களுக்கும் என்னில்தான் விருப்பம், எல்கடுவத் தோட்டத்துக் கல்யாணத்தில் மழை வருவது தெரிந்தும் பந்தலை ஏறக் கட்டாமல் பகிடி விட்டுக்கொண்டிருந்து, அடுப்பு அணைந்து, பொண்ணு வீட்டார் பாதிச் சமையலை லயத்து அறைகளுக்குள்ளே ஆக்கவேண்டி வந்ததே, அந்த என்னில்தான். அன்று முழுக்க நனைந்த பையன்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சரியான நேரத்தில் பந்தல் கட்டுகிற சமையல்காரரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க ஒன்றும் இல்லை. உன் உம்மாவோ ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை.

"அந்த நடக்கிற மனுஷன் கடைசியில என்ன ஆனார்?"

"ரிட்டயர் பண்ணி வீட்டில தோட்டம் செஞ்சாராம் உம்மா."

"அவருக்குத்தான் என்ட வோட்டு."

நம்முடைய ஆள் ஒருவராவது இந்தப் புத்தகத்தில் இல்லையா என்று நான்தான் கேட்டேன். மாத்தளையில் பிறந்தவனுக்குக் கடல் பார்க்கவேண்டுமென்றால் திருகோணமலை பஸ்ஸில் ஏறவேண்டும், இருந்தாலும் ஆசை விடுமா? நீ கோழிக்கோட்டு மரைக்கார்மாரைப் பற்றிச் சொன்னாய். போர்த்துக்கீசருடைய பெரிய கப்பல்களைச் சின்னத் தோணிகளை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஆட்டிவைத்தார்கள், நம் இலங்கைக் கடல் வரை வந்து சண்டை பிடித்தார்கள் என்றாய். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு கடைசி மரைக்காருடைய கதையைச் சொன்னாய். அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது, அவருடைய சொந்த ராஜா போர்த்துக்கீசரோடு சேர்ந்துகொண்டார், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்ற ராஜாவின் வாக்கை நம்பிச் சரணடைந்தவரைக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். நிமிர்த்தின நெஞ்சை நான் மெல்ல இறக்கிக்கொண்டேன். அவருக்குப் பின்னால் கோட்டைக்குள்ளே நின்றவர்கள் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள்? அவர்களை யாராவது கேட்டார்களா? இத்தனை தளபதிகளில் ஒருவராவது, உங்களுக்குச் சம்மதமா என்று கீழே உள்ளவனைக் கேட்டதாக அந்தப் புத்தகத்தில் இருந்தால் எனக்குச் சொல்.

இனி எனக்கு எப்படித் தெரியும் என்பதற்கு வருகிறேன். நீ போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் குளித்துக்கொண்டிருந்தாய். கதிரையில் கிடந்த உன் போன் அடித்தது. கெப்டன் என்று போட்டு, தொப்பி வைத்த படமும் வந்தது. வேறு யாராவது என்றால் விட்டிருப்பேன். இத்தனை தளபதிகளைப் பற்றிக் கேட்டுவிட்டு, உயிரோடு ஒருவர் போனில் வரும்போது எடுக்காமல் இருக்க நான் என்ன வானத்து மலக்கா? எடுத்தேன். காலிப் பக்கத்துச் சிங்கள மனிதர், நல்ல பேச்சு. வாப்பா என்று சொன்னதும், "ஆ நானா, எப்படிச் சுகம்?" என்று ஒரு அண்ணனிடம் மாதிரிக் கேட்டார். சிங்களத்தில்தான் பேசினோம்.

"கெப்டன் மாத்தயா, கோபிக்கவேணாம், ஒரு கேள்வி. நீங்க ஒற்றைக்கையர் ரகமா, நடைக்காரர் ரகமா?"

"நானா, எனக்கு ரெண்டு கையும் இருக்கு."

விளக்கிச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார். தான் நடைக்காரராகத்தான் இருக்கப் பார்ப்பதாகவும், ஆனால் முழங்கால் வலியால் நடப்பதில்லை என்றும் சொன்னார். சிரித்து முடிந்ததும், "இந்தப் பயணத்தைப் பத்தி மகன் வீட்டில பேசினாரா?" என்று கேட்டார். எந்தப் பயணம் என்று நான் கேட்டதிலேயே அவருக்கு விளங்கியிருக்கும். பேசத் தொடங்கியதை விழுங்கவும் முடியாமல், கடலைப் பற்றியும், அந்தச் சட்டத்தைப் பற்றியும், கேட்கப்போவதைப் பற்றியும் சொன்னார்.

"நான் யாரையும் வற்புறுத்தமாட்டேன் நானா. மறுக்கிறவரோட பேரில ஒரு கறுப்புப் புள்ளி வைக்கவும் விடமாட்டேன். மெஸ்ஸில எல்லாரையும் கூப்பிட்டு ஒவ்வொருத்தராக் கேப்பேன். மேல இருந்து கீழ, அதுதான் கப்பல்ல வழக்கம். உங்கட மகன் மூணாவது."

"அதில என்ன பிரச்சினை மாத்தயா?"

"எனக்கும் சீஃப் ஒஃபிசருக்கும் பிறகு அவர். கீழ உள்ள பொடியன்மாருக்கு எங்க ரெண்டு பேர்லயும் மரியாதை. உங்கட மகன்ல விருப்பம். அவர் போறேன்னா அத்தனை பேரும் போறேம்பாங்க. இறங்குறேன்னா அத்தனை பேரும் இறங்குவாங்க. அவங்கட சொந்தப் பதில் என்னன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியவராது. அதுதான் நானா எனக்கு நித்திரை இல்ல."

நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாய். கெப்டன் மாத்தயா சுகம் விசாரித்தார் என்று சொல்லிப் போனைத் தந்தேன். நீ என்னைப் பார்த்தாய், நான் கூரையைப் பார்த்தேன். பள்ளிவாசலுக்கு நடந்த வழியெல்லாம் நான் உன் தாடியைப் பற்றிப் பகிடி விட்டேன். உன்னைக் கொழும்புக்கு வழியனுப்ப வந்த வேனிலும் பகிடிதான். அப்போதுதான் விளங்கியது, நீ ஏன் அந்தப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு வந்தாய் என்று. எந்தத் தளபதி பெரியவர் என்று நீ தேடவில்லை. அவர்களில் யாராவது உன் இடத்தில் நின்றிருக்கிறார்களா என்று தேடியிருக்கிறாய். நான் உன் கெப்டன் எந்த ரகம் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், பார்த்தால் நீதான் அந்தக் கப்பலில் இருக்கிற காளை. இந்தச் சுபாவம் யாரிடமிருந்து வந்தது என்று உன் உம்மா என்னைப் பார்க்கிற பார்வையே போதும்.

நீ பதினான்கு வயதில் என்னோடு கலேவெலக் கல்யாணத்துக்கு வந்தாய், மறந்திருக்கமாட்டாய். என் கூட்டாளியின் மகள் கல்யாணம். சமையல் முடிந்ததும், நீங்கள் இன்றைக்குச் சமையல்காரர் இல்லை, விருந்தாளி என்று சொல்லிப் பந்தலின் நடுவில் எங்களுக்கும் ஒரு சஹன் போட்டான். நான், என் ஆட்கள் நாலு பேர், நீ. ஆறு பேர். சஹனில் மூத்தவன்தான் முதலில் கை வைக்கவேண்டும், எல்லோருக்கும் தெரியும். மற்றது, மூத்தவன் தன் வயிறு நிரம்பினாலும் கையை எடுக்கக்கூடாது. சும்மாவாவது சோற்றைக் கிளறிக்கொண்டு, ஒரு பருக்கையைப் பொறுக்கிக்கொண்டு, கடைசி ஆள் முடிக்கும்வரை இருக்கவேண்டும். அவன் கை எடுத்தால் மற்றவர்கள் சாப்பிடுவது மரியாதையில்லை. இது எனக்குத் தெரியாததா? காலையிலிருந்து உப்புப் பார்த்தேன், இறைச்சி பார்த்தேன், நெய்ச்சோறு வெந்ததா என்று பார்த்தேன், வயிறு கழுத்து வரை. மூன்று பிடி போட்டிருப்பேன், வாசலில் பழைய கூட்டாளி ஒருவன் என் பெயரைச் சொல்லிக் கத்தினான். சிரித்துக்கொண்டே கையை எடுத்தேன், கழுவினேன், எழும்பிப் போனேன்.

திரும்பிப் பார்த்தால் ஐந்து கைகளும் தட்டுக்கு வெளியே. நடுவில் வைத்த முழுக் கோழி உடையவில்லை. இனிப்புக்கு வட்டிலப்பம் வருவதற்கு முன்னே தட்டைத் தூக்கிவிட்டார்கள். என் கூட்டாளி ஓடிவந்து, "என்ன மச்சான், சாப்பாட்டில ஏதும் குறையா?" என்று கேட்டான், முகம் செத்துப்போய்விட்டது. தன் வீட்டுச் சாப்பாட்டில் என்ன குறை என்று சமையல்காரனையே கேட்கும் நிலைமை! லொறியில் திரும்பினோம். வழியில் பேக்கரி ஒன்றில் நிறுத்திப் பணிஸ் வாங்கித் தந்தேன். நெய்ச்சோறு ஆக்கினவர்கள் பணிஸ் தின்றார்கள். என் ஆட்கள், பரவாயில்லை நானா, பசியே இல்லை என்று எனக்காகப் பொய் சொன்னார்கள். நீ மட்டும்தான் சொன்னாய்.

"வாப்பா, உங்களுக்கு வயிறு நிறைஞ்சிருந்திச்சு. எங்கட பசிய ஏன் நீங்க முடிச்சு வச்சீங்க?"

நான் மிச்சம் இருந்த பணிஸையும், பகிடி ஒன்றும் சேர்க்காமல், உன்னிடம் நீட்டினேன். அது எனக்கு எப்போதாவதுதான் நடக்கும்.

அதனால் இதை நான் உனக்கு வாப்பாவாகச் சொல்லவில்லை, நீ எனக்குச் சொன்னதைத் திருப்பித் தருகிறேன். அத்தோடு, அந்தப் புத்தகத்திலிருந்து நீயே வாசித்த ஒரு சின்னச் சங்கதியும் இருக்கிறது. சண்டைக் கதை இல்லாததால் நீ வேகமாகப் பக்கத்தைப் புரட்டிவிட்டாய், எனக்கு மட்டும் தங்கிவிட்டது. அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களில் ஒருவன்மேல் விசாரணை வைத்தால், தீர்ப்பை ஆக இளைய அதிகாரியிடம்தான் முதலில் கேட்பார்களாம். அப்படியே மேலே வந்து, பெரியவர் கடைசியாகத்தான் சொல்லவேண்டும். பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் சின்னவனுக்குத் தன் சொந்தப் பேச்சு வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. புழுப் பிஸ்கட் கொடுத்தவர்களுக்கு இதாவது தெரிந்திருக்கிறதே! கெப்டன் மாத்தயாவிடம் நீ இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவருக்கும் நித்திரை இல்லைதானே, மேலே இருந்து கீழே கேட்பதைக் கீழே இருந்து மேலே கேட்டால் என்ன என்று நீ கேட்டால் கோபிக்கிற மனிதராகத் தெரியவில்லை. சமையல் அறையில் பானை கழுவுகிறவன் முதலில் சொல்லட்டும். அவனுக்கும் ஒரு உம்மா இருப்பாள். அவனுக்குக் கடனும் இருக்கலாம், பயமும் இருக்கலாம், இரண்டும் அவனுடையது. உன்னுடைய முறை வரும்வரை உன் முகத்தையும் கொஞ்சம் கவனித்துக்கொள், அது உன் வாய்க்கு முன்னால் பேசிவிடும். பகிடி விடாதே. அதுதான் உனக்கு ஆகக் கஷ்டம், எனக்குத் தெரியும்.

இது சரிவருமா என்று எனக்குத் தெரியாது. நீரோட்டத்தின் நடுவில் ஆமைக்கப்பல்காரர் தன் ஆட்களை ஒவ்வொருவராக விருப்பம் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். புகைக்குள் ஒற்றைக்கையருக்கும் நேரம் இருந்திருக்காது. ஆனால் உனக்கு அந்தத் துறைமுகத்தில் ஒரு பகல் பொழுது இருக்கிறது. அவர்கள் யாருக்கும் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, முடியாது என்று சொல்லிவிட்டுத் தலையோடு வீட்டுக்கு வரலாம். போகிறேன் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது சொன்னவனுடைய பதிலாக இருக்கட்டும். உன்னுடையதும் உன்னுடையதாக இருக்கட்டும்.

இவ்வளவும் வாசித்துவிட்டு, அப்படியென்றால் உங்கட விருப்பம் என்ன வாப்பா என்று நீ கேட்பாய். இருக்கிறது, மகன். நீ போன நாளிலிருந்து என் தொண்டையிலேயே இருக்கிறது. உன் உம்மாவுக்கும் இருக்கிறது, அவளுடையதும் என்னுடையதும் ஒன்றா என்று கூட எனக்குத் தெரியாது, நாங்கள் இருவரும் அதைப் பேசவில்லை. தன் விருப்பத்தையும் இந்தக் கடிதத்தில் எழுதச் சொல்லி அவள் கேட்டாள். நீயே எழுது என்று நான் பேனையை நீட்டினேன். வாங்கினாள், கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள், திருப்பித் தந்துவிட்டாள். நான் சொல்லிவிட்டால், நீ எத்தனை கடல் தாண்டினாலும் அந்தத் தட்டில் என் கை போகிற பக்கம்தான் உன் கையும் போகும். கலேவெலயில் ஒரு தடவை செய்தது எனக்குப் போதும்.

நீ பதிலைச் சொல்லிவிட்டு எங்களுக்குப் போனில் கோல் எடு. போகிறேன் என்றாலும் எடு, வருகிறேன் என்றாலும் எடு. அதற்குப் பிறகு என் பதிலைச் சொல்கிறேன், சாதாரண வேகத்தில் கேள். அதுவரை இங்கே நானும் உன் உம்மாவும் ஒரு தட்டுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் பசியில்லை. சோற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறோம், ஆனால் கையை எடுக்கவில்லை.